கூரை எழும்பும் வேனில் அப்பாயிக்கும் ஓர் இடம்: மலையகப் பயணத்துக்குச் சில குறிப்புகள்

"நீங்க போயிட்டு வாங்க, என்னால ஏற முடியாது." நம் தோட்டங்களில் குடும்பத்தோடு வேன் எடுத்துப் புறப்படும் நாட்களில் எத்தனை வீட்டு வாசலில் இந்த வார்த்தையைக் கேட்கிறோம்! மலையேறிக் கொழுந்து எடுத்தே முழங்கால் தேய்ந்துபோன அம்மாக்கள், பக்கவாதத்தில் ஒரு பக்கம் தளர்ந்துபோன அப்பாக்கள் அவர்கள். உள்ளேயே படுத்து, தேநீர் குடித்து, ஊர் பார்க்கும்படி கூரை எழும்புகிற வேன் வைத்திருப்பவர்களும், சாதாரண வேனிலேயே படுக்கை போட்டுக்கொள்பவர்களும் கொஞ்சம் யோசித்தால் போதும். அப்பாயியும் தாத்தாவும் நம்மோடு வரலாம். பெரிய செலவும் இல்லை தோழிகளே, பாதிச் சாமான் வீட்டிலேயே கிடக்கிறது.

1. கராஜுக்குப் போகும் முன் வீட்டில் ஒரு வேலை. பெரியவர் எந்தக் கையை ஊன்றி எழுகிறார், எந்தக் கால் முன்னே போகிறது என்று இரண்டு நாள் கவனியுங்கள். ஒரு நாற்காலியில் பழைய பத்திரிகைக் கட்டுகளை ஒவ்வொன்றாக அடுக்கி உட்காரச் சொல்லுங்கள். யார் உதவியும் இல்லாமல் எந்த உயரத்திலிருந்து எழுகிறாரோ அதை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். வேனில் இருக்கை, படுக்கை, கழிப்பறை நாற்காலி எல்லாவற்றுக்கும் அந்த ஒரே அளவுதான்.

2. வேன் இனிமேல்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால், கூரை எழும்பும் வேனைவிடக் கூரை நிரந்தரமாக உயர்ந்த ஹயேஸ் போன்ற வேன்தான் நல்லது என்பேன். எழும்பும் கூரை நிறுத்திய பிறகுதான் உயரும். தூக்காவிட்டால் ஏறும்போதும் இறங்கும்போதும் குனியத்தான் வேண்டும், முதுகு வளையாதவருக்கு அதுதான் முதல் சிரமம். ஏற்கெனவே கூரை எழும்பும் வேன் இருந்தால், பெரியவரை ஏற்றும் முன்பே கூரையைத் தூக்கிவிட்டு, உட்கார்ந்த பிறகு இறக்கிப் பூட்டுங்கள்.

3. மரியாதைக்காகப் பெரியவரை முன் சீட்டில் ஏற்றுவது நம் வழக்கம். ஆனால் டெலிக்கா, டவுன் ஏஸ் போன்ற வேன்களில் முன் சீட்டு சக்கரத்துக்கு மேலே இருக்கிறது, மலை ஏறுவது மாதிரி ஏற வேண்டும். இழுவைக் கதவை ஒட்டிய நடு வரிசைச் சீட்டுதான் அவருக்குச் சுகம்.

4. காசே செலவில்லாத உபாயம் இது, மலைநாட்டுக்காரர்களுக்கு மட்டுமே வாய்த்தது. நம் வேன்களின் இழுவைக் கதவு இடப்பக்கம். மேடு இடப்பக்கம் வரும்படி வேனைத் திருப்பி நிறுத்தினால் தரைக்கும் வேன் படிக்கும் உள்ள உயரம் நன்றாகக் குறைந்துவிடும். தோட்டத்து ரோட்டில் மேட்டோரம் கான் ஓடும் என்பதால், கானுக்கு மேல் சீமெந்துப் பலகை போட்ட இடமாக, லயத்துக்குப் போகும் குறுக்குப் பாதை வந்து சேரும் இடமாகப் பார்த்து நிறுத்துங்கள். கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் லொறிக்கு ஏற்ற உயரமான திண்ணை இருந்தால் அதிர்ஷ்டம்தான். கணக்கப்பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அதையே ஏறும் மேடையாக்கலாம்.

5. ஆள் ஏறும் முன் கை பிரேக், கியர், சக்கரத்துக்கு அடை கல் மூன்றும் முடிந்திருக்க வேண்டும். அடை கல்லை வழியில் தேடாதீர்கள். ஆப்பு வடிவில் இரண்டு மரக்கட்டை வெட்டிக் கயிற்றில் கோர்த்து சீட்டுக்கு அடியில் போட்டு வையுங்கள்.

6. ஏறுவதற்குப் பழைய பலகையில் ஒரு படிப்பெட்டி செய்துவிடுங்கள். ஒன்றரை அடி அகலம், ஒன்றே கால் அடி ஆழம் இருந்தால் இரண்டு காலையும் ஒன்றாக வைத்து நின்று மூச்சு வாங்கலாம். உயரம் 6 அங்குலத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது. அது போதாவிட்டால் ஒரே உயரப் பெட்டிக்குப் பதில் இரண்டு தட்டாகச் செய்யுங்கள். அடியில் பழைய டயர்த் துண்டை ஆணியடித்தால் ஈரத்தில் நகராது. பக்கத்தில் ஒரு கயிறு கட்டிவிட்டால், எல்லோரும் ஏறிய பிறகு குனியாமலே உள்ளே இழுத்துக்கொள்ளலாம்.

7. படிப்பெட்டியின் மேல் பெயின்ட் ஈரமாக இருக்கும்போதே சலித்த ஆற்று மணலைத் தூவி, காய்ந்ததும் தட்டிவிட்டு இன்னொரு பூச்சு கொடுங்கள். மழையில் கால் வழுக்காது. விளிம்பில் மட்டும் மஞ்சள் கோடு போட்டால், கண்ணில் புரை விழுந்தவருக்கும் படி முடியும் இடம் தெரியும்.

8. கைப்பிடி வைப்பதில் மட்டும் சிக்கனம் வேண்டாம். வேனின் மேல்தகடு மெல்லியது. அதில் திருகாணி போட்டு மாட்டிய பிடி, முழு பாரத்தோடு ஆள் இழுக்கும்போது தகட்டோடு கழன்று வரும். சட்டத்தில் துளையிட்டு, பின்னால் பட்டைத் தகடு வைத்து, போல்ட்டு நட்டு போடும்படி வெல்டிங் பாஸிடம் சொல்லுங்கள். 1 அங்குல ஜி.ஐ. குழாயின் வெளிக்கனம் சுமார் 33 மில்லி மீற்றர். விரல் மடங்காத கைக்கும் பிடிக்க அதுவே தோதான பருமன். கதவின் இரு பக்கமும் செங்குத்தாக ஒவ்வொன்று வேண்டும். ஏறும்போது நல்ல கை எந்தப் பக்கமோ, இறங்கும்போது அது மாறிவிடுமே.

9. அந்தக் குழாயில் பழைய சைக்கிள் டியூபை நீளமாக வெட்டி, பிளாஸ்டர் சுற்றுகிற மாதிரி இழுத்துச் சுற்றுங்கள். மழையில் வழுக்காது, நுவரெலியாக் குளிரில் இரும்பு கையைச் சுண்டவும் செய்யாது.

10. ஏறும்போது நல்ல கால் முன்னே, இறங்கும்போது வலிக்கிற கால் முன்னே. வீட்டு வாசல் படியிலேயே பழக்கிவிட்டால் வேனிலும் தானாக வரும். உதவி செய்பவர் ஏறும்போது பின்னால், இறங்கும்போது முன்னால், எப்போதும் பள்ளத்துப் பக்கம் நிற்க வேண்டும். அக்குளில் கை கொடுத்துத் தூக்கினால் தோள் மூட்டு பிசகும். இடுப்பில் அகலமான பெல்ட்டோ மடித்த துண்டோ கட்டி அதைப் பிடியுங்கள்.

11. ஜப்பானில் டொயோட்டா 'வெல்கேப்' என்ற பெயரில் சீட்டு வெளிப்பக்கம் திரும்பி வரும் வாகனங்கள் செய்கிறது. நல்ல ஏற்பாடு, விலைதான் நமக்கு எட்டாது. நமக்குக் கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்கு இருக்கிறதே! பழையதைக் கழுவிக் காயவைத்து, சீட்டின் மேல் இரண்டாக மடித்துப் போடுங்கள். பெரியவர் முதலில் வெளியே பார்த்தபடி சீட்டு ஓரத்தில் உட்காரட்டும், பிறகு தலையைக் குனிந்து உடம்பைத் திருப்பினால் படங்கு வழுக்கி அழகாக உள்ளே திரும்பிவிடும். கடைசியாகக் கால்களை ஒவ்வொன்றாக எடுத்து வையுங்கள். உட்கார்ந்ததும் படங்கை மறக்காமல் உருவிவிடுங்கள், பிரேக் போடும்போது ஆளும் சேர்ந்து வழுக்கக்கூடாது.

12. சக்கர நாற்காலியோடு அப்படியே ஏற்றச் சாய்பலகை செய்யலாமா என்று பலர் கேட்பார்கள். 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்பதுதான் பாதுகாப்பான சரிவுக் கணக்கு. தளம் 2 அடி உயரத்தில் உள்ள வேனுக்கு 24 அடிப் பலகை வேண்டும், அது வேனைவிட நீளம். நம் ரோட்டில் அதை விரிக்க இடமேது? நாற்காலியிலிருந்து சீட்டுக்கு மாறி உட்காரப் பழகிக்கொள்வதுதான் நமக்குச் சரி.

13. சரிவில் சக்கர நாற்காலியை இறக்கும்போது பின்பக்கமாகத் திருப்பி, தள்ளுபவர் கீழே இருந்து தாங்கியபடி இறக்குங்கள். முன்பக்கமாக விட்டால் ஆள் சறுக்கி விழுவார். முந்தானை சக்கரத்தில் சிக்கினால் கழுத்துவரை ஆபத்து. பயண நாளில் சேலையைவிட நைட்டியும் மேலே ஸ்வெட்டரும் நல்லது. சேலைதான் என்பவருக்கு முந்தானையைச் சுற்றி இடுப்பில் செருகிவிடுங்கள்.

14. லயத்திலிருந்து ரோட்டுவரை படிக்கட்டுப் பாதை என்றால், பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்துத் தூக்காதீர்கள். வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக் சொல்லாமல் உடையும். கை வைத்த மர நாற்காலியின் இரு பக்கமும் உறுதியான கழி கட்டி, மடித்த சேலையால் பெரியவரின் இடுப்பை நாற்காலியோடு சேர்த்துக் கட்டி, நான்கு பேர் தூக்கலாம். முகம் எப்போதும் மேட்டைப் பார்த்திருக்கட்டும். பள்ளம் கண்ணில் படாது, பயமும் வராது.

15. இனிக் கூரை. ஜப்பானில் 1995 முதல் 2005 வரை செய்த மஸ்தா போங்கோ ஃபிரெண்டியில் பொத்தானை அழுத்தினால் கூரை மின்சாரத்தில் எழும்பும். கையால் தூக்கும் கூரையாக இருந்தால் உதவிக்கு வாயுத் தண்டு பொருத்தலாம், பழைய கார் டிக்கிக் கதவிலிருந்து கழற்றியது கராஜில் மலிவாகக் கிடைக்கும். உங்கள் கூரையின் பாரத்துக்கு அது தாங்குமா என்று மட்டும் பாஸிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இறக்குவதற்கு உள்பக்கம் ஒரு நாடா கட்டி நுனியில் பெரிய முடிச்சுப் போட்டால், உட்கார்ந்தபடியே பெரியவரும் ஒரு கை கொடுக்கலாம். தன்னால் முடிந்ததை அவர் செய்யட்டுமே!

16. கூரை திறக்கும் இடத்தின் விளிம்பு தலை இடிப்பதற்கென்றே செய்தது போல இருக்கும். பழைய மெத்தை ஸ்பொஞ்சை நீள நீளமாக வெட்டி, கெட்டித் துணியில் உறை தைத்துச் சுற்றிலும் ஒட்டுங்கள். கண்ணில் படும்படி சிவப்புத் துணியாக இருந்தால் இன்னும் நல்லது.

17. எழும்பும் கூரையின் கன்வஸ் துணியை ஈரத்தோடு மடக்கினால் நம்மூர்ப் பனிமூட்டத்தில் இரண்டே நாளில் பூஞ்சணம் பிடிக்கும். அந்த வாடை ஆஸ்துமாக்காரரை இரவெல்லாம் இருமவைக்கும். ஈரமாக மடக்க வேண்டி வந்தால், வெயில் கண்ட முதல் இடத்தில் நிறுத்தி விரித்துக் காயவிடுங்கள்.

18. மேல் படுக்கை பிள்ளைகளுக்கு, கீழ்ப் படுக்கை பெரியவருக்கு. கீழ்ப் படுக்கை தாழ்வாக இருந்தால் அடியில் பலகை கொடுத்து, முதலில் அளந்த உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். மெத்தை புதையாமல் கெட்டியாக இருந்தால்தான் புரண்டு எழ முடியும்.

19. வேன் சரிவில் நிற்கிறதா, மட்டமாக நிற்கிறதா? பாதி தண்ணீர் உள்ள போத்தலைப் படுக்கையில் கிடையாக வைத்துப் பாருங்கள், தண்ணீர் மட்டமே சொல்லிவிடும். கொஞ்சம் சரிவு தவிர்க்க முடியாவிட்டால் தலை மேட்டுப் பக்கம் வரும்படி படுக்கவையுங்கள்.

20. ஹட்டன் சுமார் 1,270 மீற்றர் உயரம், நுவரெலியா 1,868 மீற்றர். ஹட்டனில் போட்ட ஸ்வெட்டர் நுவரெலியாவில் போதாது, இரவில் கூடுதலாக ஒரு கம்பளி வேண்டும். வெந்நீர்ப் பையைக் காலடியில் வைப்பதென்றால் துண்டில் இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். சீனி வியாதியில் பாதம் மரத்தவருக்குச் சுடுவதே தெரியாமல் தோல் வெந்துவிடும். அவர்களுக்குக் காலுறைதான் நல்லது, பையைப் படுக்கை விரிப்பைச் சூடாக்கப் பயன்படுத்திவிட்டு எடுத்துவிடுங்கள்.

21. எவ்வளவு குளிராக இருந்தாலும் சரி, கரிச்சட்டி, மண்ணெண்ணெய் அடுப்பு, காஸ் அடுப்பு எதையும் வேனுக்குள் வைத்துக் குளிர் காயாதீர்கள். மூடிய இடத்தில் அதிலிருந்து வரும் கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். சமையல் வெளியே, படுக்கும்போது ஜன்னல் இரண்டு விரல் அளவு திறந்து.

22. இரவில் பெரியவர் கூப்பிட்டால் கேட்க வேண்டுமே! பூஜை மணியைக் கயிற்றில் கட்டி அவர் கைக்கு எட்டும் இடத்தில் தொங்கவிடுங்கள். சின்ன டோர்ச் ஒன்றும் பக்கத்திலேயே நாடாவில் தொங்கட்டும்.

23. வேன் பயணத்துக்குப் பெரியவர்கள் பயப்படுவதற்கு முக்கியக் காரணம் கழிப்பறைதான், வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். இரும்புச் சட்டத்தில் செய்த கொமட் நாற்காலி ஒன்று வாங்கிவிடுங்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் ஓட்டை வெட்டினால் வலு போய்விடும். வாளியின் அடியில் இரண்டு கைப்பிடி மரத்தூள் போட்டு, பயன்படுத்திய பிறகு மேலே இன்னும் ஒரு கைப்பிடி தூவினால் வாடை அடங்கிவிடும். கூரையோரம் கம்பி இழுத்து, பழைய சேலையை இரண்டு மடிப்பாகத் திரைபோடுங்கள். திரை இருந்தால்தான் அவர்கள் மனம் ஒப்பும்.

24. அடிக்கடி இறங்க வேண்டுமே என்று தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பழக்கம் கெடுதல். தலைசுற்றும், சிறுநீர் எரிச்சலும் வரும். பிளேன்டீயைக் குறைத்து, வெந்நீரை அரை அரை கப்பாகக் கொடுத்துக்கொண்டே வாருங்கள்.

25. மருந்து, கண்ணாடி, தண்ணீர், துவாய் எல்லாம் முழங்காலுக்கு மேல், தோளுக்குக் கீழ் இருக்க வேண்டும். பழைய ஜீன்ஸ் பைகளை வெட்டி முன் சீட்டின் பின்பக்கம் தைத்துவிட்டால் அலுமாரி தயார். மடித்த சக்கர நாற்காலியை மட்டும் சும்மா சாய்த்து வைக்காமல் கயிற்றில் இறுக்கிக் கட்டுங்கள், வளைவில் அது பாய்ந்தால் யார் காலிலாவது விழும்.

26. ரம்பொடை வளைவுகளில் தலை சுற்றாதவர் குறைவு. புறப்படும் முன் வயிறு முட்டச் சாப்பிடாமல், ஒரு ரொட்டி போதும். ரோட்டைப் பார்த்தபடி உட்காரட்டும், வாயில் ஒரு துண்டு இஞ்சி அடக்கிக்கொள்ளட்டும்.

27. மணிக்கு ஒருமுறையாவது நிறுத்துங்கள். இறங்க முடியாதவர் உட்கார்ந்தபடியே பாதத்தை மேலும் கீழும் மடக்கி நீட்டட்டும். நெடுநேரம் தொங்கும் கால் வீங்கும், இரத்தம் கட்டவும் கூடும்.

28. ஹட்டன், மஸ்கெலியா, கினிகத்தேனைப் பக்கம் ஈரப்புல்லில் இறங்கினால் அட்டை ஏறும். மரத்த பாதத்துக்கு அது தெரியாது, இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவருக்கு நெடுநேரம் வடியும். காலுறையில் சவர்க்காரத்தை வறட்டுத் தேய்ப்பாகத் தேய்த்துவிடுங்கள். வேனில் ஏறியதும் விரலிடுக்கை நீங்களே பார்த்துவிடுங்கள்.

29. ஏப்ரல் மாதம் நுவரெலியாவுக்கு வேண்டவே வேண்டாம், வசந்த காலக் கூட்டத்தில் வேன் நகராது. மார்கழியிலிருந்து வெசாக் வரை சிவனொளிபாதமலைக் காலம், வார இறுதியில் ஹட்டன், மஸ்கெலியா ரோடு நெரியும். நடு வாரத்தில், காலையில் புறப்பட்டு, பிற்பகல் பனிமூட்டம் இறங்கும் முன் போய்ச் சேருங்கள்.

30. இறங்காமலே, அல்லது அதிகம் நடக்காமலே பார்க்கக்கூடிய இடங்களாகத் தேர்ந்தெடுங்கள். தலவாக்கலைக்கும் ஹட்டனுக்கும் இடையே சென் கிளையர், டெவன் இரண்டு நீர்வீழ்ச்சிகளும் ரோட்டிலிருந்தே தெரியும். நுவரெலியாவில் கிரகறி வாவிக் கரையும் விக்டோரியா பூங்காவும் பெரும்பாலும் மட்டமானவை, சக்கர நாற்காலி சுகமாக ஓடும். சீதா எலியாவில் கோயில் ரோட்டை ஒட்டித்தான் இருக்கிறது, ஆனால் ஓடைப் பக்கம் படி இறங்க வேண்டும். முடியாதவர் மேலேயிருந்தே கோபுரத்தைப் பார்த்துக் கும்பிடலாம், பிரசாதத்தை நாம் வாங்கி வந்து கொடுப்போம்.

31. வேன் குலுக்கல் தாங்காதவரை ஹட்டனில் ரயிலேற்றி, நானுஓயாவில் வேனோடு காத்திருக்கலாம். இந்த ரயில் பாதை ஹட்டனுக்கு 1884இலும் நானுஓயாவுக்கு 1885இலும் வந்தது, ரயில் பெட்டியின் படி இன்னும் உயரம்தான். படிப்பெட்டியை மறக்காதீர்கள், ஏற்றி இறக்கக் கொஞ்ச நேரம் வேண்டும் என்று நிலைய அதிபரிடம் முன்பே சொல்லுங்கள். மழைக்காலத்தில் மண்சரிவால் பாதை மூடப்படுவது உண்டு, முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

32. வங்கி, வைத்தியசாலை, அரச அலுவலகம் எங்கு போனாலும் சாய்தளம் எங்கே என்று கூச்சப்படாமல் கேளுங்கள். வலுவிழந்தோர் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டமும், 2006இல் வந்த அணுகும் வசதி ஒழுங்குவிதிகளும் தந்த உரிமை அது.

33. சீட்டைக் கழற்றுவது, கூரையை வெட்டுவது போன்ற நிரந்தர வேலைக்கு முன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் காப்புறுதிக் கம்பனியிலும் கேட்டுவிடுங்கள். பிறகு ஒரு விபத்து என்றால் நட்ட ஈட்டுக்கு அலைய வேண்டாம்.

34. பெரியவரின் நோய், சாப்பிடும் மருந்து, ஒத்துக்கொள்ளாத மருந்து, வீட்டுத் தொலைபேசி இலக்கம் எல்லாவற்றையும் ஓர் அட்டையில் தமிழிலும் சிங்களத்திலும் பெரிய எழுத்தில் எழுதிக் கதவருகே ஒட்டுங்கள். வழியில் உதவிக்கு வருபவருக்கு நம் மொழி தெரியாமல் இருக்கலாம். அதிலேயே 1990 என்று சுவசெரிய இலவச அம்புலன்ஸ் இலக்கத்தையும், 117 என்று அனர்த்த முகாமைத்துவ நிலைய இலக்கத்தையும் சேர்த்துவிடுங்கள்.

35. வீடு திரும்பிய மறுநாள், களைப்பு ஆறிய பிறகு, பெரியவரிடமே கேளுங்கள்: எங்கே வலித்தது, எங்கே பயமாக இருந்தது, எதற்கு யாரையாவது கூப்பிட வேண்டி வந்தது என்று. அன்றே கேட்டால் "எல்லாம் நல்லா இருந்துச்சு" என்றுதான் சொல்வார்கள். மறுநாள் அவர்கள் சொல்லும் முதல் குறையை, அடுத்த பயணத்துக்கு முன் சரிசெய்துவிடுங்கள்.